டின்னின் விலையா, உள்ளே இருக்கும் சத்தா?



சம்பளம் போட்ட மறுநாள் டவுன் பார்மசியில் நின்று பார்த்தால் நம் ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள். கையில் ஒரு சத்துமா டின் இருக்கும். பிள்ளைக்கு, கர்ப்பிணி மகளுக்கு, காய்ச்சலில் கிடந்து எழும்பிய அப்பாவுக்கு என்று வாங்குகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பையன்களோ உடம்பு ஏற்றுவதற்குப் பெரிய டப்பாவில் புரதமா வாங்கி வருகிறார்கள். எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, விலை கூடினதுதானே நல்லது? மலிவானதில் சத்து இருக்குமா?"

இதற்கு நானும் ஒரு காலத்தில் பிழையான பதில் சொன்னவன்தான். எங்கள் டிவிசனில் ஒரு தங்கச்சியின் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நிறை ஏறவில்லை. கிளினிக் கார்டில் கோடு கீழே சரிந்துகொண்டே போனது. "நல்ல டின்னாகப் பார்த்து வாங்கிக் கொடும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் காதுத்தோட்டை அடகு வைத்து வாங்கினாள். டின் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு கரண்டி மாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு மாதம் போயும் நிறை ஏறவில்லை. அதன் பிறகுதான் நான் டின்னைத் திருப்பி, பின்பக்கத்தைப் படித்தேன்.

அந்தப் பின்பக்கத்தைப் படிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லா டின்னிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து, 'புரோட்டீன்' என்ற சொல்லுக்கு நேரே உள்ள இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த டின்னில் மொத்தம் எத்தனை கிராம் புரதம் என்று பார்த்து, விலையை அதால் வகுக்க வேண்டும். ஒரு கிராம் புரதம் என்ன விலை என்று வந்துவிடும்.

கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

400 கிராம் சத்துமா டின் 2,000 ரூபா. 100 கிராமில் புரதம் 10 கிராம் என்றால் டின் முழுவதிலும் 40 கிராம். ஒரு கிராம் 50 ரூபா. மிச்சத்தில் பெரும் பங்கு சீனியும் மாவும்தான்.

ஒரு கிலோ மைசூர்ப் பருப்பு 300 ரூபா. 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம். கிலோவுக்கு 240 கிராம். ஒரு கிராம் 1 ரூபா 25 சதம்.

இப்போது பையன்களின் டப்பாவைப் பார்ப்போம். பால்கட்டி செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பதுதான் அந்த மா. ஒரு கம்பெனியின் ஒரு கிலோ டப்பா 15,000 ரூபா, 100 கிராமில் 75 கிராம் புரதம். இன்னொன்று 22,000 ரூபா, 80 கிராம் புரதம். முதலாவதில் ஒரு கிராம் 20 ரூபா, இரண்டாவதில் 27 ரூபா 50 சதம். இரண்டும் ஒரே பாலிலிருந்து வரும் ஒரே வகைப் புரதம். கூடக் கொடுக்கும் காசு பாலின் சீனியையும் கொழுப்பையும் இன்னும் கொஞ்சம் வடித்து எடுத்ததற்கும், ருசிக்கும், விளம்பரத்துக்கும் போகிறது. பால் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு வடித்த மா வயிற்றுக்குச் சுகமாக இருக்கலாம். மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் மலிவானது எல்லாம் நல்லதா? அதுவும் இல்லை. சாதாரண பரிசோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. அதில் இருக்கும் நைதரசனை அளந்துதான் கணக்குப் போடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஏமாற்றியவர்கள் உண்டு. சீனாவில் 2008ஆம் ஆண்டு, தண்ணீர் கலந்த பாலில் புரதம் கூடத் தெரிவதற்காக மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். அந்தப் பால்மாவைக் குடித்து ஏறக்குறைய மூன்று லட்சம் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. ஆகவே பெயரும் திகதியும் இல்லாத பைக்கட்டையும், சந்தையில் அள்ளிப் போடும் உதிரி மாவையும் வாங்காதீர்கள்.

இன்னொரு சந்தேகமும் கேட்கிறார்கள்: "பருப்பில் உள்ள புரதமும் பாலில் உள்ளதும் ஒன்றா?" தனியாகப் பார்த்தால் ஒன்றல்ல. புரதம் என்பது பல துண்டுகள் சேர்ந்தது. சோற்றிலும் கோதுமை மாவிலும் ஒரு துண்டு குறைவு, பருப்பில் வேறொரு துண்டு குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். ரொட்டிக்குப் பருப்பு, சோற்றுக்கு கௌபி என்று நம் அம்மாமார் சமைத்தது வீண் இல்லை. அதோடு ஒரு முட்டை சேர்ந்தால் 6 கிராம் நல்ல புரதம். சோயா மீட்டிலும் நெத்தலிக் கருவாட்டிலும் புரதம் நிறைய உண்டு. கருவாட்டை உப்புப் போகக் கழுவிச் சமையுங்கள்.

50 கிலோ நிறையுள்ள ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிராம் புரதம் போதும். கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் அதைவிட நிறைய வேண்டும். அதற்காகத்தான் அரசாங்கம் 1973 முதல் திரிபோஷ கொடுத்து வருகிறது. சோளம், சோயா, பால்மா, விட்டமின் எல்லாம் சேர்ந்தது. 100 கிராமில் புரதம் சுமார் 20 கிராம். நான் மேலே கணக்குப் போட்ட 2,000 ரூபா டின்னைப் போல் இரண்டு மடங்கு! விலை ஒன்றுமில்லை. 2022 நெருக்கடியில் தட்டுப்பாடு வந்தது உண்மை. ஆனாலும் கிளினிக்குக்குப் போய்க் கேட்காமல் விடாதீர்கள். கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் கொடுத்த பைக்கட்டை வீட்டில் எல்லாரும் பங்கு போடவும் வேண்டாம்.

சில விசயங்களைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். பெரியவர்களின் புரதமாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் புரதமாவும் குடிக்கக் கூடாது. பிள்ளைக்கு நிறை ஏறவில்லை என்றால் பார்மசிக்குப் போகாதீர்கள், முதலில் மருத்துவிச்சி அம்மாவிடம் போங்கள்.

அந்தத் தங்கச்சியும் கடைசியில் அங்கேதான் போனாள். பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். திரிபோஷவும் கிடைத்தது. பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மா பருப்பும் சோறும் மசித்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, நேரத்துக்கு நேரம் ஊட்டினார். கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. பிள்ளை இப்போது லயத்து வாசலில் ஓடி விளையாடுகிறது.

தோடு மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். அடுத்த தடவை டின் வாங்கக் கை நீட்டும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் பாருங்கள்.