பழைய காரின் தரையும் துருவும்

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை உருவாகி வந்த அம்பாசிடர் கார்களுள் சில இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்திரம் பழுதானால் உதிரி பாகங்களை மாற்றிவிடலாம். ஆனால் பழைய காரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் தரைத்தகடே. லாரிக்கு இருப்பது போன்ற தனிச் சட்டகம் இக்காருக்கு இல்லை. தரை, பக்கவாட்டு, கூரை ஆகிய தகடுகள் ஒன்றாகப் பிணைந்து, வண்டியின் தோலாகவும் எலும்பாகவும் நிற்கின்றன. இருக்கைகளும் தரையிலேயே முடுக்கப்பட்டுள்ளன. ஆகவே தரை அரித்தால் காலடியில் ஓட்டை விழுவதோடு தீங்கு நிற்காது. மோதலின்போது உள்ளிருப்போரைக் காக்கும் வலிமையும் குறைந்துவிடும்.

இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடும்போது துரு பிறக்கிறது. அது தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொண்டு உப்பிப் பொருக்காக உதிரும். அடியிலுள்ள புது இரும்பு மீண்டும் ஈரத்துக்கு ஆளாகும். மழைநீர் முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வழியாகவோ கதவு இடுக்கு வழியாகவோ இறங்கி, தரை விரிப்பின் அடியில் தங்குகிறது. மேலே விரிப்பு உலர்ந்திருக்கும். அடிமெத்தையைப் பிழிந்தால் நீர் சொட்டும்.

அரித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி, புதுத் தகட்டைப் பற்றவைப்பது டிங்கரிங் பட்டறையின் வேலை. அத்துடன் வேலை முடிந்ததாகக் கருதுவோர் பலர். பற்றவைக்கும் வெப்பம், தகட்டின் மேல், கீழ் என இரு புறத்துப் பூச்சையும் எரித்துவிடுகிறது. பழைய தகடும் புதுத் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் மெல்லிய இடைவெளி, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரை உள்ளிழுக்கும். காப்பின்றி விட்டால் அவ்விடத்தில் துரு மீண்டும் தொடங்கிவிடும்.

இதைத் தடுக்கப் பெரும் பணம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. முதலில் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தளர்ந்த துருவையும் கருகிய பூச்சையும் நீக்க வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் அணியாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. பின்னர் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் கொண்டு துடைக்க வேண்டும். சிறு குழிகளில் துரு எஞ்சியிருக்கும். பாஸ்போரிக் அமிலம் கலந்த துருமாற்றியை அங்குத் தடவினால் அது இரும்பு பாஸ்பேட் படலமாக மாறும். தில்லி மெஹ்ரௌலியில் உள்ள, ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமையான இரும்புத்தூண் துருவுக்கு இரையாகாததற்கும் இத்தகைய பாஸ்பேட் படலமே காரணம் என ஐ.ஐ.டி. கான்பூர்ப் பேராசிரியர் பாலசுப்பிரமணியத்தின் ஆய்வுகள் காட்டின. அத்தூணின் இரும்பிலேயே பாஸ்பரஸ் மிகுதி. கார்த் தகட்டுக்கோ அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியுள்ளது.

அடுத்தது அடிப்பூச்சு. மலிவான ரெட் ஆக்சைடு பிரைமர் போதும். ஆனால் அது நுண்துளைகள் உடையது. அதை மட்டும் பூசிவிட்டு நிறுத்தினால் நீர் ஊடுருவும். சற்றே கூடுதலாகச் செலவிட இயலுமாயின், பற்றவைத்த கோட்டின்மீது துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசுவது சிறப்பு. துத்தநாகம் தான் முதலில் அரிந்து இரும்பைக் காக்கும்.

பிரைமர் உலர்ந்த பின்னரே இணைப்புகளில் சீலரை அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறும் தகட்டின்மேல் இட்டால் அது ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்திவிடும். காடி மணம் வீசும் சிலிக்கான் பசையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது உலரும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். சீலர் இறுகிய பின் இரு கை எனாமல் பூசி, வண்டியின் அடிப்புறத்தில் மட்டும் தார் கலந்த காப்புப் பூச்சை மெல்லியதாகத் தரலாம்.

இத்தாரைத்தான் பலர் துருவின்மேலேயே நேராக அப்பிவிடுகின்றனர். பார்வைக்குக் கருமையாகவும் உறுதியாகவும் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தார் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே துருவை வளர்க்கும். பயன்படுத்திய எந்திர எண்ணெயைத் தடவும் வழக்கமும் உண்டு. அது சாலையில் சொட்டி மண்ணையும் நீரையும் கெடுப்பதால் தவிர்க்கத் தக்கது.

தரையின் இரு ஓரங்களிலும் பெட்டி போன்ற மூடிய பகுதிகள் உள்ளன. தூரிகை நுழையாத அவற்றுள் சிறு குழாய் வழியாக மெழுகுக் கரைசலைத் தெளிக்க வேண்டும். அவற்றின் அடியிலுள்ள வடிதுளைகளைச் சீலரோ தாரோ அடைத்துவிடாதபடி பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. பூச்சுகள் நன்றாகக் காய்ந்தபின், விரிப்பைப் போடுமுன், முன்கண்ணாடியின்மீதும் கதவுகளின்மீதும் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு துளி கசிந்தாலும் அவ்விடத்து ரப்பரை மாற்றிய பிறகே விரிப்பைப் போடலாம்.