மூன்று ஒலிம்பிக் ஆடிய பீட்டரை மறக்கலாமா?

ரோமில் வெள்ளி, டோக்கியோவில் தங்கம், மெக்சிகோவில் வெண்கலம். 1960, 1964, 1968 என அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, மூன்று நிறத்திலும் பதக்கம் வாங்கியவர் நம் சென்னையில் பிறந்தவர். ஹாக்கி உலகத்துக்கு அவர் வி.ஜே.பீட்டர். முழுப்பெயர் விக்டர் ஜான் பீட்டர். 1998 ஜூன் 30 அன்று, 61 வயதில் காலமானார். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று அவர் பெயரைச் சொன்னால், "எந்தப் பீட்டர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

எங்கள் வடசென்னைக் கொடுங்கையூரில் விளையாட்டைப் பற்றிப் பேச ஆள் பஞ்சமே கிடையாது. கேரம் என்று ஆரம்பித்தால், உலகச் சாம்பியன் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியும், 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் அள்ளி வந்த புதுவண்ணாரப்பேட்டை காசிமாவும் பேச்சில் வந்துவிடுவார்கள். கால்பந்து என்றால் வியாசர்பாடி, குத்துச்சண்டை என்றால் ராயபுரமும் காசிமேடும். ஹாக்கி என்றால் மட்டும் பேச்சு தன்ராஜ் பிள்ளையைத் தொட்டு, 1980 மாஸ்கோ கேப்டன் பாஸ்கரனோடு நின்றுவிடும். ரயில்வேயும் ஐ.சி.எஃப்பும் துறைமுகமும் மட்டை பிடித்தவர்களுக்கு வேலை கொடுத்த இந்த வடசென்னையிலேயே இதுதான் நிலைமை.

பீட்டருக்குச் சோறு போட்டது ராணுவம். 1780-லிருந்து வரும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு, பெங்களூருவில் இருக்கிறது. அங்கே சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். பெரிய அதிகாரியின் வாயிலும் அதே தம்பிதான். அந்தத் தம்பிகளில் ஒருவராக ஆடி, சர்வீசஸ் அணிக்குப் போய், அங்கிருந்து இந்திய அணிக்குள் நுழைந்தவர் பீட்டர்.

அவர் ஆடிய இடம் இன்சைட் ரைட். அந்தக் காலத்து ஹாக்கியில் முன்வரிசையில் ஐந்து பேர். வலது ஓரத்து ஆட்டக்காரருக்கும் நடுவில் நிற்கும் சென்டர் ஃபார்வர்டுக்கும் இடையில் இருப்பவர்தான் இன்சைட் ரைட். ஹாஃப் லைனிலிருந்து பந்தை வாங்க வேண்டும். எதிராளி ஒருவரையோ இருவரையோ ஏமாற்றித் தாண்ட வேண்டும். எந்த நொடியில் ஓரத்துக்குத் தள்ளுவது, எந்த நொடியில் நடுவுக்கு விடுவது என்பதை ஓட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இன்றைக்குப் போல வழவழப்பான செயற்கைத் தரை அன்று இல்லை. ஒலிம்பிக்கில் அது வந்ததே 1976 மான்ட்ரியலில்தான். புல்தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், பந்து துள்ளும். துள்ளுகிற பந்தை மட்டையை விட்டு விலகாமல் கொண்டுபோவது தனி வித்தை. பீட்டரின் பேர்பெற்ற டிரிபிளிங் அந்தத் தரையில் பழகியது.

இந்த இடத்தில் ஆடுகிறவருக்கு ஒரு பெரிய நஷ்டம் உண்டு. கோல் அடித்தவர் பெயர் பேப்பரில் வரும், கோலைத் தடுத்தவர் பெயரும் வரும். நாலு பேரைத் தாண்டிக் கொண்டுவந்து பந்தைக் கொடுத்தவரின் பெயரை அந்நாளைய ஸ்கோர் ஷீட் எழுதியதே இல்லை. பீட்டர் மறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ரோமுக்குப் போன அணியின் தலையில் இருந்த பாரம் சாதாரணமானதல்ல. 1928 முதல் ஆறு ஒலிம்பிக், ஆறு தங்கம், ஒரு தோல்வியும் கிடையாது. லெஸ்லி கிளாடியஸ் தலைமையில் போன அணி, இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றது. மற்ற நாடுகளுக்கு வெள்ளி என்பது கொண்டாட்டம். நமக்கு அது அன்று இழவு வீடு. 23 வயது பீட்டர் அந்த அணியில் இருந்தார்.

நான்கு வருடம் கழித்து டோக்கியோ. மீண்டும் இறுதி ஆட்டம், மீண்டும் பாகிஸ்தான். 1964 அக்டோபர் 23. பெனால்டி கார்னரில் பிரிதிபால் சிங் அடித்த பந்து பாகிஸ்தான் வீரர் முனீர் தாரின் காலில் பட்டு நின்றது. அதற்காகக் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை மொகிந்தர் லால் கோலாக்கினார். அதன் பிறகு கோல்கீப்பர் சங்கர் லட்சுமண் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. 1-0. ரோமின் கடன் தீர்ந்தது. தோற்ற அணியிலும் இருந்து, தீர்த்துவைத்த அணியிலும் இருந்தவர்களில் பீட்டரும் ஒருவர். 1966-ல் அர்ஜுனா விருது வந்தது. அதே வருடக் கடைசியில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம். 1968 மெக்சிகோவில் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று, மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்று வெண்கலம் கிடைத்தது.

அண்ணன் விட்ட இடத்தில் தம்பி வி.ஜே.பிலிப்ஸ் பிடித்துக்கொண்டார். 1972 மியூனிக் வெண்கலம், 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பை. இந்தியா ஹாக்கி உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரே முறைதான். ஒரு வீட்டில் ஒலிம்பிக் தங்கம், உலகக் கோப்பை இரண்டும் இருந்தன என்பதை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்காவது நாம் சொல்லியிருக்கிறோமா?

1966-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஹாக்கித் தங்கத்துக்காக இந்தியா 32 வருடம் காத்திருந்தது. அது மறுபடி வந்ததும் அதே பாங்காக்கில்தான். 1998 டிசம்பரில், தன்ராஜ் பிள்ளை தலைமையில். பீட்டர் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஆட்டக்காரர் பெயரை மறக்காத ஊரும் உண்டு. பனிக்கட்டி மீது ஆடும் ஹாக்கியை உயிராக நினைக்கும் ஊர் கனடாவின் மான்ட்ரியல். அங்கே ஜான் பெலிவோ என்ற மாபெரும் ஆட்டக்காரர் 2014 டிசம்பர் 2 அன்று காலமானார். அவர் உடலை ஆட்ட அரங்கத்திலேயே இரண்டு நாள் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று வந்தவர்களுக்கு அவருடைய மனைவி எலீஸ் நின்றபடி கைகொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் பெலிவோ வழக்கமாக உட்காரும் இருக்கையைக் காலியாக விட்டு, அவருடைய சட்டையை மட்டும் அதில் போர்த்தியிருந்தார்கள். பெலிவோ ஆட்டத்தை விட்டுப் போனது 1971-ல்! நாற்பது வருடத்துக்கு மேல் அப்பன் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை பேரனுக்குச் சொல்லிக் காப்பாற்றிய பெயர் அது. நம்மிடம் இல்லாதது அந்தச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம்.

ரசிகர்களுக்கு நம்மிடம் குறைவில்லை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்றபோது அரங்கமே அதிர்ந்தது. ஹாக்கியைப் பார்க்க இந்த ஊரில் கூட்டம் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் கொடுங்கையூரை வெளியாட்கள் குப்பைமேட்டை வைத்துத்தான் அறிவார்கள். ஏறத்தாழ 340 ஏக்கர். அந்தப் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது. குப்பையை எரிக்கும் எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்ற மக்கள், மீளும் நிலம் தங்களுக்கு மூச்சுவிட உதவ வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. மாநகராட்சியிடம் நாம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: மீளும் நிலத்தில் சில ஏக்கரை ஹாக்கி மைதானத்துக்கு ஒதுக்குங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டையும் பயிற்சியாளரும் கொடுங்கள், வாசலில் வி.ஜே.பீட்டர் மைதானம் என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.