கழிவுக் கசடு: விறகு மரத்துக்கு ஏற்ற எரு, மரச்சீனிக்கு ஆகாது

மார்த்தாண்டம் வட்டாரத்தில் விளை வைத்திருப்பவரிடம் செப்டிக் டேங்க் லாரிக்காரர், "கசடை இங்கேயே இறக்கிவிடட்டுமா, காசு வேண்டாம்" என்று கேட்டால் சம்மதிக்கக் கூடாது. பச்சைக் கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. கூடவே நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு முட்டைகளும் உண்டு. நாக்குப்பூச்சி முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மரச்சீனி, சேனை, சிறுகிழங்கு ஆகியவை அந்த மண்ணிலிருந்தே தோண்டி எடுக்கப்படுகின்றன. பக்கத்துக் கிணறும் கெடும். 2014-ல் வெளியான தமிழக அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, உரிமம் பெற்ற லாரிகள் கசடைச் சுத்திகரிக்கும் இடத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

சுத்திகரித்த கசடு வேறு. மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017-ல் தொடங்கிய நிலையத்தில் கசடு பாத்திகளில் உலர்த்தப்படுகிறது. ஆனால் உலர்ந்தால் மட்டும் போதாது. குப்பையோடு சேர்த்துக் குவித்து, உள்ளே 55 டிகிரி சூடு 15 நாள் நிற்கும்படி, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப் போட்டு மக்கவைக்க வேண்டும். அமெரிக்காவில் பின்பற்றும் விதி இது. இந்த அளவுக்குச் சுத்தமாகாத கசடை இட்ட நிலத்தில் கிழங்கு எடுக்க 38 மாதம்கூடக் காத்திருக்கச் சொல்கிறது அதே விதி.

விறகுக்கு வெட்டும் மரத்தில் இந்தத் தொல்லை குறைவு. அதை யாரும் தின்பதில்லை. சுவீடனில் என்ஷாப்பிங் நகரத்தார், கசடைப் பிழிந்த நீரைச் சுமார் 75 ஹெக்டேர் வில்லோ மரங்களுக்குப் பாய்ச்சி, வெட்டிய மரத்தை மின்சாரத்துக்கும் வெந்நீருக்கும் எரித்திருக்கிறார்கள். நம் விளை ஓரங்களில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் சூபாபுல், கிளைரிசிடியா இரண்டும் இதற்கு ஏற்றவை. வெட்டியதும் தூரைச் சுற்றி வட்டக் குழி பறித்து, மக்கிய கசடை இட்டு மண் மூட வேண்டும். பெருமழைக்கு முன் இட்டால் ஓடைக்குப் போய்விடும். இட்ட பின் 30 நாள் அந்தத் தழையை ஆட்டுக்குப் போடக் கூடாது. ஆட்டையும் அங்கே மேயவிடக் கூடாது. சாம்பல் சத்து கசடில் குறைவு; அதைத் தனியாக இட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் செம்பொறை மண் புளிப்பு மண். காட்மியம் போன்ற உலோகங்கள் புளிப்பு மண்ணில் எளிதில் கரைந்து வேருக்குள் ஏறும். ஆகவே மண்ணைச் சோதித்து, தேவையான சுண்ணாம்பு இட்ட பிறகே கசடு இட வேண்டும். ஆலைக் கழிவு கலந்த கசடு எந்த விலைக்கும் வேண்டாம். கசடு இட்ட மரத்தின் அடுப்புச் சாம்பலில் அந்த உலோகம் தங்கும். வழக்கம்போல் அதைக் கத்தரிப் பாத்தியில் தூவக் கூடாது. மண் சோதனைக்கும் சுண்ணாம்பு அளவுக்கும் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் யோசனை கேட்கலாம்.