உதகை மழையும் தெய்வ நிந்தனைச் சட்டமும்

1834-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஓர் ஆங்கிலேயர் சென்னையில் கப்பலை விட்டு இறங்கி, ஆட்கள் சுமந்த பல்லக்கில் ஏறி மைசூர் வழியாக நீலகிரி மலைக்கு வந்து சேர்ந்தார். கவர்னர்-ஜெனரல் பெண்டிங்க் பிரபு தேக அசௌக்கியத்தை முன்னிட்டு அப்பொழுது உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். அவரைக் காண வந்தவர் அவருடைய சபையின் புதிய சட்ட அங்கத்தினரான தாமஸ் பாபிங்டன் மெக்காலே. வந்த வேளை மழைக்காலம். வெளியே தலை நீட்ட வழியில்லாமல் பெரும்பொழுதைப் புத்தகம் படிப்பதிலேயே கழித்தார். நீலகிரியில் வசிக்கும் நாம் அந்த மழையை நன்கு அறிவோமாதலால், இந்த ஒரு விஷயத்திலாவது அவர்பால் நமக்கு இரக்கம் உண்டு.

இந்தியத் தண்டனைச் சட்டம் உதகையிலேயே எழுதப்பட்டது என்று இங்கே சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியன்று. மெக்காலேயின் தலைமையில் சட்டக் கமிஷன் ஏற்பட்டது 1835-ல். அதன் நகல் முடிந்தது 1837-ல். அது சட்டமானது 1860-ல். ஆனால் அதில் மதத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு வித்தான ஒரு கொள்கை, மலை ஏறும்போதே அவர் மனத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அதற்கு முந்தின வருஷந்தான், யூதர்களின் உரிமையைக் குறித்துப் பார்லிமெண்டில் பேசியபோது அதை அவர் வெளியிட்டிருந்தார். மத விஷயங்களை விவாதிக்க எல்லாருக்கும் சுதந்திரம் வேண்டும். ஆனால் விரும்பாதவர் கண்ணிலும் காதிலும் மனத்தை உறுத்தும் காட்சியையும் சொல்லையும் வலிந்து திணிக்க எவருக்கும் சுதந்திரம் இல்லை. இதுவே அவர் கொள்கையின் சாரம்.

1860-ம் வருஷத்துச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இக்கொள்கையின் சாயல் தெரியும். வழிபாட்டு ஸ்தலத்துக்குச் சேதம் விளைவிப்பது, வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது, இடுகாட்டில் அத்துமீறுவது, ஒருவர் காதுபட வேண்டுமென்றே அவர் மத உணர்ச்சியைப் புண்படுத்திப் பேசுவது முதலியன குற்றங்கள். புத்தகமோ? மதத்தை அவமதிக்கும் நூல் என்று தனியாக ஒரு குற்றம் அந்த அத்தியாயத்தில் இல்லை. புத்தகம் தானாக யார் காதிலும் நுழைவதில்லை அல்லவா?

பிறகு புத்தகம் எப்படி அகப்பட்டுக் கொண்டது? 1924-ல் லாகூரில் ராஜ்பால் என்னும் பிரசுரகர்த்தர் நபிகள் நாயகத்தைப் பரிகசிக்கும் சிறு பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். வகுப்புத் துவேஷத்தைத் தடுக்கும் 153-ஏ பிரிவின்கீழ் அவர்மீது வழக்கு நடந்தது. அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது என்று லாகூர் ஹைகோர்ட்டு 1927-ல் அவரை விடுதலை செய்தது. நாடெங்கும் கிளர்ச்சி எழவே, அவ்வருஷமே மத்திய சட்டசபையில் 295-ஏ என்ற புதுப் பிரிவு நிறைவேறிற்று. அவ்விவாதத்தில் ஜின்னா சாஹிப், சரித்திர ஆராய்ச்சி செய்வோருக்கும் ஒரு மதத்தை நேர்மையாக விமரிசனம் செய்வோருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று வற்புறுத்தினார். வேண்டுமென்றும் தீய எண்ணத்தோடும் செய்த அவமதிப்பே குற்றம் என்று பிரிவில் வரையறுத்தார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் ராஜ்பாலின் உயிரை அது காக்கவில்லை; 1929-ல் அவர் குத்திக் கொல்லப்பட்டார்.

அதே 1927-ல் அமெரிக்க மாது காதரீன் மேயோ நம் தேசத்தையே இழிவுபடுத்தி ஒரு நூல் எழுதினார். லாலா லஜபதிராய் என்ன செய்தார்? மறுவருஷமே மறுப்பு நூல் ஒன்று எழுதி வெளியிட்டார். மெக்காலேயும் உதகையை விட்டுச் சென்ற சில மாதங்களுக்குள், 1835 பிப்ரவரியில், ஒரு நல்ல ஐரோப்பியப் புத்தகசாலையின் ஒற்றைத் தட்டுக்கு நம் கீழ்நாட்டு இலக்கியமெல்லாம் ஈடாகாது என்னும் கருத்துப்பட எழுதியவரே. அவமதிப்புக்குப் பதில் சொல்லும் ஆற்றல் நமக்கு எப்பொழுதும் இருந்திருக்கிறது.

நிற்க. நம் தமிழ்நாட்டு விஷயத்துக்கு வருவோம். 2010-ல் பெருமாள்முருகன் ‘மாதொருபாகன்’ என்னும் நாவலை வெளியிட்டார். பிள்ளையில்லாத தம்பதிகளின் துயரமும் திருச்செங்கோட்டுத் திருவிழாவும் அதன் பொருள். நான்கு வருஷம் சும்மா இருந்த ஊர் 2014 டிசம்பரில் பொங்கி எழுந்தது, புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் ‘சமாதானப் பேச்சு’ நடத்தினார்கள். நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட்டு வந்த ஆசிரியர், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். எந்த நீதிபதியும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். விசாரணைக்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது! 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு அந்த உடன்படிக்கை அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும்படி யாருக்கும் கட்டாயமில்லை என்பதையும் நினைவூட்டியது. அவர் மறுபடியும் எழுதுகிறார். ஆயினும் எல்லா எழுத்தாளருக்கும் ஹைகோர்ட்டு வரை செல்லும் வலிமை உண்டா?

கடல் கடந்து பார்த்தாலும் பாடம் ஒன்றே. அதே சட்டப் புத்தகத்தை 1947-ல் சுவீகரித்த பாகிஸ்தான், 1986-ல் அதில் 295-சி என்னும் மரண தண்டனைப் பிரிவைச் சேர்த்தது. ஆசியா பீபி என்ற ஏழைக் கிறிஸ்தவக் கூலிப்பெண் 2010-ல் அதன்படி மரண தண்டனை அடைந்து, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு விடுவிக்கும் வரை சிறையில் வாடினார். அவருக்காகப் பரிந்து பேசிய பஞ்சாப் கவர்னர் சல்மான் தஸீரை 2011-ல் அவருடைய மெய்க்காப்பாளனே சுட்டுக் கொன்றான். இங்கிலாந்தோ தன் பழைய தெய்வ நிந்தனைச் சட்டத்தை 2008-ல் ஒழித்தது. அயர்லாந்து ஜனங்கள் 2018-ல் வாக்களித்து அதை அகற்றினார்கள்.

நம் நாட்டில் 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு 295-ஏ பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீய எண்ணத்தோடு வேண்டுமென்றே செய்யும் அவமதிப்பை மட்டுமே அது தண்டிக்கிறது என்பது காரணம். 1961-ல் தண்டனை இரண்டு வருஷத்திலிருந்து மூன்று வருஷமாக உயர்ந்தது. 2024 ஜூலை முதல் தேதியன்று பழைய சட்டம் போய்ப் பாரதீய நியாய சம்ஹிதை வந்தது. பழைய பிரிவு 299 என்ற புதிய இலக்கத்தோடு அதில் குடிபுகுந்தது.

பல மதத்தினர் நெருங்கி வாழும் உதகை, குன்னூர் போன்ற ஊர்களில் இத்தகைய சட்டம் இல்லாவிட்டால் கலகம் மூளாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் வகுப்பில் படகர் வீட்டுப் பிள்ளையும், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பெண்ணும், சர்ச்சுக்கும் மசூதிக்கும் செல்லும் குழந்தைகளும் ஒரே பெஞ்சியில் உட்காருகிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் பேசுவது ஆசிரியர் கடமை. ஆனால் கலகத்தைத் தூண்டுவோரைத் தண்டிக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன. மனம் நொந்தது என்ற ஒரு காரணமே போதுமென்றால், சிவவாக்கியரை எப்படிப் போதிப்பது? சாதியையும் கல்லை வணங்குவதையும் அவரைப்போல் சாடியவர் யார்? அவர் பாடல்களை விளக்கும்போது, பிள்ளைகளுக்கு எது விளங்கும் என்பதை விட்டு, வெளியே எவர் கோபிப்பார் என்று எண்ணவேண்டி வந்தால், அன்று போதனை நின்றுவிட்டது என்றே பொருள்.

ஆகவே புத்தகத்தை இந்தப் பிரிவின் பிடியிலிருந்து விடுவிப்பதே முறை. அது வரையில் அதிகாரிகள் ஒன்று செய்யலாம்: கூட்டம் எவ்வளவு பெரிது என்று பார்க்குமுன், தீய எண்ணம் இருந்ததா என்று பார்க்கட்டும், ஆசிரியரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குமுன், அவர் வீட்டுக்குக் காவல் போடட்டும். நேயர்களும் ஒன்று செய்யலாம். ஒரு நூல் மனத்தைப் புண்படுத்தினால் முதலில் அதை முழுவதும் படியுங்கள். பிறகும் கோபம் தணியவில்லையானால் காகிதமும் பேனாவும் எடுத்து மறுப்பு எழுதுங்கள்.