ஆர்கைல் கோலமும் ஆடவர் உடையும்

உடைகளிற் காணப்படும் கோலங்கள் யாவும் கண்ணுக்கு இன்பந் தருதற்பொருட்டே தோன்றின எனக் கருதுதல் பொருந்தாது. சில, தொழிலின் தேவையாற் பிறந்து, அத்தேவை ஒழிந்த பின்னரும் அழகாய் நிலைத்துவிட்டன. ஆடவர் அணியும் கம்பளிப் பின்னற் சட்டைகளிலும் காலுறைகளிலும் விளங்கும் ஆர்கைல் கோலம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நிரைநிரையாக அமைந்த சாய்சதுரங்களும், அவற்றின்மேற் குறுக்கிட்டுச் செல்லும் மெல்லிய கோடுகளுமே இக்கோலமாம்.

ஸ்கொத்லாந்தின் மேற்குப்புறத்திலுள்ள ஆர்கைல் பகுதியிற் செல்வாக்குப் பெற்றிருந்த கம்பெல் குலத்தாரின் கட்டமிட்ட கம்பளித் துணியே இதற்கு மூலமென்பர். பண்டை நாளில் அங்குள்ள மலைநாட்டார், நெய்த துணியை வெட்டித் தைத்தே காலுறை செய்தனர். நெய்த துணி பாவின் வழியாகவும் ஊடையின் வழியாகவும் இழுக்க நெகிழாது. மூலைவாட்டாக இழுத்தால் நெகிழும். ஆதலின், காலின் வடிவுக்கு இசையுமாறு துணியை மூலைவாட்டாக வெட்டினர். அவ்வாறு வெட்டவே, துணியிற் சதுரமாயிருந்த கட்டங்கள் காலிற் சாய்சதுரங்களாய்த் தோன்றின.

1746இற் கலோடன் போரிலே கிளர்ச்சிப் படை தோற்றதும், பிரித்தானியப் பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. படைவீரரல்லாத ஆடவர் அதனை அணிந்தால் முதன்முறை ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். கம்பெல் குலத்தார் அரசின் பக்கம் நின்றவர். எனினும் சட்டம் குலவேறுபாடு பாராட்டவில்லை. 1782இலேயே அத்தடை நீங்கியது. இடைக்காலத்தில் மலைநாட்டுப் படைப்பிரிவுகளே அவ்வுடையைப் பேணின.

பிற்காலத்திற் காலுறைகள் பின்னப்படலாயின. பின்னற்றுணி இயல்பாகவே நெகிழுமாதலின், சாய்வாக வெட்டவேண்டிய தேவை அற்றது, கோலமோ மாறவில்லை. அதற்காகப் பின்னுவோர் புதிய உழைப்பை ஏற்றனர். ஒவ்வொரு நிறப்பகுதிக்கும் தனி நூல் கொண்டு பின்னி, நிறங்கள் சந்திக்குமிடத்தில் இரு நூல்களையும் ஒன்றோடொன்று முறுக்கி இணைத்தனர். ‘இன்ராசியா’ எனப்படும் இம்முறையில் நூல்கள் துணியின் பின்புறமாக நீண்டு செல்வதில்லை. ஆதலாற் சட்டை தடிப்பதுமில்லை.

1920களில், பின்னர் எட்டாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் கொல்ப் விளையாட்டின்போது இக்கோலத்தை அணிய, அது ஆடவரிடையே பெருவழக்காயிற்று. 1815இல் ஹோயிக் நகரிலே தோன்றிய பிரிங்கிள் நிறுவனம், 1934இல் ஒட்டோ வைஸ் என்பாரை வடிவமைப்பாளராக நியமித்துப் பின்னற் சட்டைகளில் இதனை மேலும் பரப்பியது.

ஒருகாற் சிறைத் தண்டனைக்கு ஏதுவாயிருந்த உடையின் கோலம், அதே முடியின் வாரிசினால் உலகப் புகழ் எய்தியது. உடையின் வரலாற்றை ஆராய்வோர் அழகை மட்டும் நோக்காது, அதனை ஆக்கிய கையின் தேவையையும், அதனைத் தடுத்த ஆட்சியின் அச்சத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.