மண் அவனுடையது! மான் யாருடையது?

மான் வேட்டை! சொன்னதும் நம் மனக்கண் முன் யார் வந்து நிற்கிறார்கள்? மகுடம் தரித்த மன்னர்கள்! மாளிகைச் சீமான்கள்! உழைத்துக் களைத்தவனுக்கும் மான் இறைச்சிக்கும் என்ன உறவு? இங்கிலாந்து நாட்டிலே ஓர் உறவு இருந்தது, தூக்குக் கயிறு!

ஆம், தோழர்களே! அங்கே காட்டு மான் அரசன் சொத்து. மானைக் கொன்றவனின் உயிரையும் உறுப்பையும் பறிக்கக்கூடாது என்ற விதி 1217ஆம் ஆண்டுக் காட்டுச் சாசனத்தில்தான் வந்தது. வந்தும் என்ன? 1723லே, முகத்தில் கரி பூசி மான் திருடப் போனவனுக்கு மரண தண்டனை என்றொரு சட்டம் முளைத்தது. அதன் பெரும்பகுதி நீங்க நூறாண்டு ஆயிற்று. மானுக்கு மதிப்பு இருந்தது, மனிதனுக்கு இல்லை!

அமெரிக்காவில் குடியேறியவர்கள் வேறு வழி கண்டனர். அந்த மண்ணின் பூர்வகுடிகளை விரட்டிய பழி அவர்கள்மீது உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் வகுத்த கோட்பாடு ஒன்று நம் கருத்துக்கு உரியது. நிலம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாகலாம். அதில் மேயும் காட்டு மான் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமல்ல. அது மக்கள் சொத்து. அரசு அதன் காவலன். நிலக்காரனும் சட்டம் விதித்த பருவத்தில், விதித்த கணக்கில்தான் வேட்டையாட வேண்டும். இறைச்சியைச் சந்தையில் விற்க முடியாது.

இந்த விதிகள் எளிதில் வந்தனவா? இல்லை. விற்பனைக்காகச் சுட்டுத் தள்ளினார்கள் வணிக வேட்டைக்காரர்கள். 1900 வாக்கில் வெள்ளைவால் மான்கள் சில இலட்சங்களாகச் சுருங்கின. அதே ஆண்டில், களவாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுக்கும் லேசி சட்டம் பிறந்தது. 1937ல் மற்றொரு சட்டம்: துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்க் காப்புக்கே ஒதுக்கு என்றது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இன்று அவ்வரி 11 விழுக்காடு. விலையோடு சேர்த்து அதைச் சுமப்பவன் யார்? ஆலையில் வேலை பார்த்து, விடுமுறை நாளில் மான் தேடிப் போகிறானே, அவனும்தான்! இன்று அந்த மான்கள் ஏறத்தாழ மூன்று கோடி!

சட்டம் போதுமா? மான் சட்டப் புத்தகத்தில் மேய்வதில்லை, மண்ணில் மேய்கிறது! அந்த மண்ணைத் திருத்திக் காட்டியவர் ஆல்டோ லியோபோல்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1935ல் அம்மாநிலத்தில், உழுது உழுது உரம் இழந்த மணல் பண்ணை ஒன்றை வாங்கினார். தங்கியது பழைய கோழிக் கொட்டகையில்! மனைவியும் ஐந்து மக்களும் கூடவே மண்வெட்டி பிடித்தனர். ஆயிரமாயிரமாய்ப் பைன் கன்றுகள் நட்டனர். வறட்சியில் கருகின, மறுபடியும் நட்டனர். 1948ல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல் தீயை அணைக்கும்போதே மாரடைப்பால் மாண்டார்!

இன்றும் அங்கே பண்ணைக் குடும்பங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஓக் மரத்துக்கு வெயில் படும்படி சுற்றி நிற்கும் வேண்டாத மரங்களை வெட்டுகிறார்கள்; ஓக் கொட்டை மானின் குளிர்கால உணவல்லவா? வயலோரத்தில் புதர் வளர்க்கிறார்கள். தரிசிலே க்ளோவர் விதைக்கிறார்கள். குட்டி மான் படுத்திருக்கும் காலத்தில் வைக்கோற்புல் அறுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

"இவ்வளவும் செய்துவிட்டுச் சுடவும் வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! ஓநாயை ஒழித்தான் மனிதன். மான் பெருகிற்று, இளங்கன்றுகளைத் தின்று தீர்த்தது, நாளைய காடு இன்றே அழிந்தது, குளிர்காலத்தில் பசித்துச் செத்தது! கொம்புள்ள ஆண்மானை மட்டும் சுட்டால் பெருக்கம் நிற்காது. பெண்மானையும் குறைக்க வேண்டும். 1943ல் விஸ்கான்சினில் அதற்கு அனுமதி தந்தபோது ஊரே கொதித்தது. ஆதரித்த லியோபோல்டு ஏச்சுக்கு ஆளானார். ஆனாலும் கொள்கையை விடவில்லை!

இப்போது புதிய ஆபத்தொன்று வாசலில் நிற்கிறது. அதன் பெயர் குத்தகை! மானை விற்கத்தான் சட்டம் தடை. நிலத்துக்குள் நுழையும் உரிமையை விற்கத் தடையில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியார் நிலம். காசு கட்டியவனுக்குக் கதவு திறக்கிறது. கட்ட இயலாதவன் வேலிக்கு வெளியே! மான் மக்கள் சொத்து. வழி மட்டும் பணக்காரன் சொத்து! மன்னன் பூட்டிய பூட்டை உடைத்தோம் என்றவர்கள், பணம் பூட்டிய பூட்டைப் பார்த்துப் பேசாதிருக்கலாமா?

நிலக்காரனைப் பழிப்பது நம் நோக்கமல்ல. கடனும் வரியும் அவன் கழுத்தையும் நெரிக்கின்றன. மரம் நட்டவன் கூலி கேட்பது குற்றமா? குற்றமல்ல! அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதே கேள்வி. மொன்டானா மாநிலம் விடை சொல்லியிருக்கிறது. 1985 முதல், பொதுமக்களை வேட்டைக்கு விடும் பண்ணைக்காரருக்கு அரசுத் திட்டத்தின் வழியே ஈடு கிடைக்கிறது. வேட்டைக்காரனிடம் நுழைவுக் கட்டணம் கிடையாது. பண்ணையும் பிழைக்கிறது, பாட்டாளியும் நுழைகிறான்!

மண்ணைப் பேணுகிறவனுக்கு மதிப்பும் ஊதியமும் தருவோம். ஆனால் மண்ணுக்குப் பட்டா வைத்திருப்பவன் அதில் ஓடும் மானுக்கும் பட்டா கேட்டால், "அது எங்களுக்கும் உரியது!" என்று உரத்துச் சொல்வோம்!