தேநீரின் உடம்பும் தொழிலாளியின் பேரும்

திராட்சை மதுவை மதிப்பிடும் மேலைநாட்டார் அதற்கு 'உடம்பு' உண்டென்பர். அது முதிர்ந்தது, இளையது என்றுங் கூறுவர். இம்மொழியை ஆராய்ந்து 1983இல் நூல் வெளியிட்ட மொழியியலாளர் ஏட்ரியன் லேரர், ஒருவரது வருணனையைக் கொண்டு மற்றொருவர் அதே மதுவை இனங்காண்பது எளிதன்று எனப் பரிசோதனைகளாற் காட்டினார். நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேளின் கடுப்புக்கு உவமித்த பாடல் புறநானூற்றிலும் உண்டு. ஆனால் அங்கு உவமையாவது குடித்தவன் உடலில் நிகழ்வது. மேலைநாட்டார் வழக்கிலோ உடல் பானத்துக்கே வந்துவிடுகிறது.

இத்தகைய மொழியை இலங்கையிற் காணத் தேயிலையையே நாம் நோக்க வேண்டும். நாட்டின் மிகவுயர்ந்த புகையிரத நிலையமான பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்திலுள்ளது. அதனை அடுத்த நுவரெலியா மலைகளில் ஆண்டின் முதல் மாதங்களது வறண்ட குளிர்காற்றில் விளையும் கொழுந்து, மணத்துக்குப் பெயர்பெற்றது. அத்தேயிலை கொழும்பு ஏலத்துக்குச் செல்லுமுன் (இவ்வேலம் 1883 யூலை 30இல் தொடங்கியது) சுவைஞரின் நாவுக்கு உட்படும். அவர் ஆங்கிலத்திற் பேசுவார். 'பிரிஸ்க்' என்றால் உயிர்த்துடிப்பு. 'பிளற்' என்றால் அத்துடிப்பு அற்றது. 'பிரைற்' என்றால் ஒளி. இவை வெறும் அலங்காரமல்ல. துடிப்புக்கும் ஒளிக்கும் தியாபிளேவின் என்னும் சேர்மங்களும், உடம்புக்கும் நிறத்துக்கும் தியாரூபிஜின்களும் காரணம். 'பேக்கி' என்ற ஒரு சொல், உலர்த்தும்போது வெப்பம் மிகுந்ததைத் தொழிற்சாலைக்கு உணர்த்திவிடும். மதுவிமரிசனம் குடிப்பவனை நோக்கியது. இதுவோ வாங்குபவனை நோக்கியது. ஆதலின் இங்கு உருவகம் விலையாக மாறுகிறது.

இவ்விலைமொழியில், கொழுந்தெடுத்த பெண்ணைச் சுட்ட ஒரு சொல்லும் இல்லை. அவளைப் பற்றிய சொல் தோட்டத்துத் தமிழில் உள்ளது. விதித்த நிறை எடுத்தால் 'ஒரு பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. பதிவேட்டிற் குறிக்கப்படும் பெயர் நாட்கூலிக்கு ஆகிவந்தது; இலக்கணகாரர் இதனை ஆகுபெயர் என்பர். தேநீர் உடம்பு பெற்று ஆளாகும் அதே தொழிலில், ஆள் கூலிக்கணக்காகிப் பாதியாகவும் எழுதப்படுகிறாள். இவ்விரு சொல்வழக்குகளையும் ஒருங்கே வைத்து ஆராயாமல், மலையகச் சொற்களை நாட்டார் வழக்கு என்ற தலைப்பில் மட்டும் தொகுப்பது போதாது என்பதே எமது கருத்து.

லயத்து அடுப்பிற் கொதிப்பது பெரும்பாலும் தூள் தேயிலை. விரைவில் நிறம் இறங்குவது அதன் இயல்பு. அங்கே தேத்தண்ணியைப் புகழும் சொல்லும் அதற்கேற்றதே: 'நல்ல சாயம்'.